மணி பிளான்ட்: இடம் பார்த்து வைத்து, ஏற்றி வளர்க்கும் முறை

வீட்டுக்குள் செடி வளர்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் மணி பிளான்ட்டில்தான் தொடங்குகிறார்கள். எங்கே வைத்தாலும் பிழைக்கும், தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லித்தான் அதை அவர்கள் கையில் கொடுக்கிறார்கள். பிழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிழைத்துக் கிடப்பது வேறு, வளர்வது வேறு. வரவேற்பறை மூலையில் நான்கைந்து சிறிய இலைகளுடன் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும் கொடியையும், அதே தெருவில் ஒரு மாமரத்தின் மேல் முறம் அளவு இலைகளோடு ஏறிப் படர்ந்திருக்கும் கொடியையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்கள், இரண்டும் ஒரே செடி என்று எளிதில் நம்ப மாட்டார்கள். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெளிச்சமும், ஏறுவதற்குக் கிடைத்த பிடிமானமும்தான். தண்ணீர், உரம், தொட்டி எல்லாம் அவற்றுக்குப் பின்னால் வருபவை.

இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலில் தாஹிட்டிக்கு அருகிலுள்ள மூரியா என்னும் சிறிய தீவு. சேம்பும் கருணைக்கிழங்கும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இலை உதிர்க்கும் பருவம் என்று ஒன்று இல்லாமல் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் இந்தக் கொடி, காட்டில் தரையில் ஊர்ந்து சென்று ஒரு மரத்தைக் கண்டதும் அதன் பட்டையில் வேர்களை ஊன்றி மேலே ஏறுகிறது. கீழே நிழலில் இருக்கும்போது இலை சிறிதாகவும், மேலே ஏற ஏறப் பெரிதாகவும் வருவது இதன் இயல்பு. இந்த இயல்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் படிகளின் காரணம் தானாகவே விளங்கும்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தொட்டி வாங்குவதற்கு முன்பே வீட்டில் எந்தச் சன்னலருகே வைப்பது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். நிழல் விரும்பும் செடி என்று இதைச் சொல்வது பாதி உண்மை. நேர் வெயில் ஆகாது, ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதே சரியான கணக்கு. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில், முற்பகலில் மின்விளக்கு இல்லாமல் செய்தித்தாளைக் கண்ணை இடுக்காமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு வெள்ளைத் தாளை அங்கே வைத்து, அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் விழுந்து அதன் ஓரம் மங்கலாகத் தெரிந்தால் அந்த இடம் பொருத்தமானது. நிழலே விழவில்லை என்றால் செடி உயிரோடு இருக்கும், வளராது. ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் வெயில் நேராகப் படுகிறது என்று பொருள். அங்கே மெல்லிய திரை ஒன்று தேவைப்படும்.

கிழக்குச் சன்னல் எல்லாவற்றிலும் சிறந்தது. காலை வெயில் இரண்டு மணி நேரம் பட்டால்கூட இலை கருகாது. மேற்குச் சன்னலில் பங்குனி, சித்திரை மாதங்களின் பிற்பகல் வெயில் கண்ணாடி வழியாக நேராக விழும்போது இலைகளில் வெளிறிய திட்டுகள் தோன்றிப் பின்னர் காய்ந்துவிடும் என்பதால், அங்கே சன்னலிலிருந்து நான்கைந்து அடி உள்ளே தள்ளி வைக்க வேண்டும். தெற்குச் சன்னலில் புரட்டாசி முதல் பங்குனி வரை சாய்ந்த வெயில் உள்ளே வரும். வடக்குச் சன்னலில் வெயிலே வராது என்று பொதுவாக எழுதுவார்கள். அது குளிர் நாடுகளுக்குப் பொருந்தும். சென்னையைப் போன்ற இடங்களில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே சாய்ந்தே செல்வதால், அந்த மாதங்களில் வடக்குச் சன்னலும் நல்ல வெளிச்சம் தரும். ஆண்டில் இரண்டு முறை தொட்டியின் இடத்தைச் சற்று மாற்றுவது இதனால்தான் பயன் தருகிறது.

ஏ.சி.யின் குளிர்காற்று நேராக வந்து மோதும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். நம் சமவெளி ஊர்களின் வெப்பநிலை இந்தச் செடிக்கு எந்தச் சிக்கலும் தராது. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் மார்கழி, தை மாதங்களில் வளர்ச்சி நின்றுபோவது இயல்பு. அப்போது தண்ணீரைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

துண்டு எடுக்கும் முறை

மணி பிளான்ட் விதையிலிருந்து வளர்க்கப்படுவதில்லை. பூப்பதற்குத் தேவையான ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியை இந்தச் செடி போதிய அளவில் உருவாக்க முடியாதபடி அதன் மரபணுவில் ஒரு குறை இருப்பதை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு விளக்கியது. ஆகவே பூவும் விதையும் மிக மிக அரிது. இணையக் கடைகளில் மணி பிளான்ட் விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். நர்சரியில் ஒரு சிறிய தொட்டி வாங்கலாம். அதைவிட எளிது, அக்கம்பக்கத்தில் கேட்டு ஒரு கொடித்துண்டு வாங்கிக்கொள்வது. திருடி வைத்தால்தான் வளரும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டு வாங்கியதும் அதே வேகத்தில்தான் வேர்விடும்.

கொடியை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த வளையமும், அதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு சிறிய பழுப்பு முனையும் இருப்பதைக் காணலாம். அந்த வளையம்தான் கணு. பழுப்பு முனை காற்றுவேர். புதிய வேரும் புதிய தளிரும் கணுவிலிருந்து மட்டுமே வரும். இலையை மட்டும் காம்போடு பறித்துத் தண்ணீரில் போட்டால் அது பல வாரம் பசுமையாக இருந்து நம்மை ஏமாற்றும். கொடியாக மாறவே மாறாது. எனவே இரண்டு அல்லது மூன்று கணுக்கள் உள்ள துண்டாகத் தேர்ந்தெடுத்து, கடைசிக் கணுவுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே கூர்மையான கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அடிக்கணுவில் இலை இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். வெட்டும்போது வடியும் சாறு சிலருக்கு நமைச்சல் உண்டாக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம்.

துண்டை அடிக்கணு மட்டும் மூழ்கும்படி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வையுங்கள். இலை தண்ணீருக்குள் இருந்தால் அழுகும். வெளிச்சமான இடத்தில் இருந்தால் இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளை வேர்கள் நீளும். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. மாதக்கணக்கில் தண்ணீரிலேயே வளர்ந்த வேர்கள் மண்ணுக்குப் பழகச் சிரமப்படும். பல நேரம் அவை அழிந்து, செடி புதிதாக வேர்விட வேண்டியிருக்கும்.

தண்ணீர்ப் புட்டியிலேயே வளர்க்க விரும்பினால்

மண் அள்ள வசதியில்லாத அடுக்குமாடி வீடுகளில் பலர் புட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. வளர்ச்சி மெதுவாக இருக்கும், இலை சிறுத்தே இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு கட்டாய விதி உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தவறாமல் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். மேலே நிரப்புவது மாற்றுவதாகாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டிப் புட்டியின் உட்சுவரில் பசைபோல் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை என்பதால், உட்புறத்தைப் பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவுவதும் அவசியம். புட்டியின் வாயைப் பஞ்சாலோ துணியாலோ அடைத்துவிட்டால் கொசு உள்ளே போக வழியில்லை. பச்சை அல்லது பழுப்பு நிறப் புட்டி எடுத்தால் பாசி குறைவாகப் பிடிக்கும். தண்ணீரில் சத்து இல்லாததால், மாதம் ஒரு முறை நீரில் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவில் நான்கில் ஒரு பங்கு மட்டும் கலந்து ஊற்றலாம்.

மண்கலவையும் தொட்டியும்

வேருக்குக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். தோட்டத்துக் களிமண்ணையோ வெறும் செம்மண்ணையோ அப்படியே தொட்டியில் நிரப்பினால் சில மாதங்களில் அது இறுகி, ஊற்றும் நீர் ஓரமாகவே வழிந்துவிடும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெருமணல் அல்லது பொடியாக உடைத்த செங்கல் ஒரு பங்கு என்ற கலவை எளிதில் கிடைக்கும், நன்றாகவும் வேலை செய்யும். கோகோபீட் கட்டியாக வாங்கினால் ஒரு வாளி நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீரை மாற்றிப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள்; தேங்காய் நாரில் இருக்கும் உப்பு அப்போதுதான் வெளியேறும்.

தொடங்குவதற்கு ஆறு அங்குலத் தொட்டி போதும். வளர்ந்தால் இடம் வேண்டுமே என்று முதலிலேயே பெரிய தொட்டியில் வைப்பவர்கள், வேர் எட்டாத மண்ணில் நீர் பல நாள் தேங்கி அழுகலுக்கு வழிசெய்துவிடுகிறார்கள். அடியில் ஓட்டை இல்லாத அழகுத் தொட்டியில் நேரடியாக நட வேண்டாம். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நட்டு அதை உள்ளே இறக்கி வைக்கலாம். அடியில் கனமாகச் சரளைக்கல் பரப்பும் வழக்கம் வடிகாலுக்கு உதவுவதில்லை. நீர் சரளைக்கு மேலுள்ள மண்ணிலேயே தங்கி நிற்கும். வேருக்கான இடமும் குறையும். ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுச் சில்லையோ வலைத்துண்டையோ வைத்தால் போதுமானது. மண்தொட்டி வேகமாகக் காயும், பிளாஸ்டிக் மெதுவாகக் காயும். அடிக்கடி தண்ணீர் ஊற்றும் கை உடையவர்களுக்கு மண்தொட்டியே பாதுகாப்பு.

கம்பு நட்டு ஏற்றுவது

பெரும்பாலான வீடுகளில் விடுபடுவது இந்தப் படிதான். கொடியைத் தொங்கவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் தொங்கும் கொடியில் புதிய இலைகள் சிறுத்துக்கொண்டே போகும், கணுக்களுக்கு இடையிலான தூரமும் நீளும். காற்றுவேர்கள் ஈரமான ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும்போதுதான் இலை அகலமாகத் தொடங்கும். வீட்டுக்குள் மரத்தில் ஏறிய அளவுக்கு இலை வராது என்றாலும், உள்ளங்கையைவிடப் பெரிய இலைகளை ஒரு சாதாரண அறையிலேயே எதிர்பார்க்கலாம்.

நர்சரிகளில் மாஸ் ஸ்டிக் என்ற பெயரில் தென்னைநார் சுற்றிய கம்பு விற்கிறார்கள். வாங்குவதானால் நார் தடிமனாக, தொட்டால் கலையாமல் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலேயே செய்வதும் கடினமில்லை. மூன்றடி நீளமுள்ள ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயின் மேல் கயிற்றுக் கடையில் கிடைக்கும் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளி விடாமல் நெருக்கமாகச் சுற்றி, இரு முனைகளிலும் கம்பியால் கட்டிவிட வேண்டும். தொட்டிக்குள் புதையும் ஆறு அங்குலத்தைச் சுற்றாமல் விடலாம். நடும்போதே கம்பையும் நிறுத்திவிடுங்கள். செடி வேர்பிடித்த பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

காலியான தொட்டியின் நடுவில் கம்பை நிறுத்தி, சுற்றிலும் கலவையைப் பாதி நிரப்பி, வேர்விட்ட நான்கைந்து துண்டுகளைக் கம்பைச் சுற்றி வைத்து, அடிக்கணு மண்ணுக்குள் மறையும்வரை மீதிக் கலவையை நிரப்புங்கள். ஒரே துண்டை வைத்தால் தொட்டி அடர்த்தியாகத் தெரிய நீண்ட காலம் ஆகும். ஒவ்வொரு துண்டையும் காற்றுவேர் முனை கம்பைப் பார்க்கும்படி திருப்பி வைப்பது முக்கியம். எதிர்ப்புறம் திரும்பியிருந்தால் எத்தனை முறை கட்டினாலும் அது கம்பைப் பற்றாது. கட்டுவதற்குப் பருத்தி நூல் அல்லது வாழைநார் நல்லது. கணுவின் மேல் தளர்வாகக் கட்டினால், வேர் பிடித்த பிறகு வாழைநார் தானே மக்கி விழுந்துவிடும். கொடி கம்பின் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் சன்னலைப் பார்த்து இருக்கட்டும். கம்பை நாள்தோறும் ஒரு முறையாவது தெளிப்பானால் நனைத்து வாருங்கள். காய்ந்த கம்பு செடிக்கு வெறும் ஊன்றுகோல்தான், அதில் வேர் இறங்காது. கொடி கம்பின் உச்சியை எட்டியதும் நுனியைக் கிள்ளி அதையே புதிய துண்டாக வேர்விட வைக்கலாம். கீழே உள்ள கணுக்களில் புதிய தளிர்கள் கிளம்பும்.

தண்ணீர் ஊற்றும் கணக்கு

வாரத்துக்கு இத்தனை முறை என்று எண்ணிக்கை சொல்வது பயனற்றது. வெளிச்சம் கூடினால் செடி கூடுதலாக நீர் குடிக்கும், குறைந்தால் குறைவாகக் குடிக்கும். ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் வைத்த இரண்டு தொட்டிகளுக்கே கணக்கு மாறும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியே நீர் வடியும்வரை நிதானமாக ஊற்றி, அரை மணி நேரம் கழித்து அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். நாள்தோறும் ஒரு குவளை என்று மேலாக ஊற்றும் பழக்கம்தான் கெடுதல்; மேல்மண் எப்போதும் சேறாகவும் அடிமண் சில சமயம் வறண்டும் கிடக்கும். கோடையில் மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை தேவைப்படும் அதே தொட்டிக்கு, ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களில் பத்து நாள்வரை தேவைப்படாமல் போகலாம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் மண்ணின் மேல் வெள்ளைப் படிவும், இலை நுனியில் பழுப்பும் தோன்றும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்ல மாற்று. சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போல் தோன்றினாலும், வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உரமும் பராமரிப்பும்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணோடு கிளறிவிட்டால் போதும். வேகமான வளர்ச்சி வேண்டுமென்றால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, மாதம் ஒரு முறை, ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் இருக்கும் செடிக்கு உரம் போட்டு அதை ஈடுகட்ட முடியாது. அரிசி கழுவிய நீர், தேயிலைச் சக்கை ஆகியவற்றை வீட்டுக்குள் இருக்கும் தொட்டிகளில் கொட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. திறந்த தோட்டத்தில் அவை மக்கிப் பயன்படும், மூடிய அறையில் வாடையும் சிறு பூச்சிகளும்தான் மிஞ்சும்.

மாதம் ஒரு முறை ஈரத்துணியால் இலைகளைத் துடையுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். தூசி அதில் அப்பிக்கொள்ளும். துடைக்கும்போதே இலையின் அடிப்புறத்தையும் காம்பின் இடுக்கையும் பார்த்துவிட்டால் மாவுப்பூச்சி தொடக்கத்திலேயே கண்ணில் படும். சிலவே இருந்தால் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பரவியிருந்தால் ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்ப எண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில், வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளிக்க வேண்டும். அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்த்தால் தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்போதும் இரண்டு அங்குலம் மட்டுமே பெரிய தொட்டியைத் தேர்ந்தெடுங்கள்.

செடி காட்டும் அறிகுறிகள்

அடியில் உள்ள ஓரிரு இலை மட்டும் மஞ்சளானால் அது முதுமை, கிள்ளிவிடலாம். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகுகிறது. செடியை வெளியே எடுத்து மண்ணை உதறிப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி, தொட்டால் நசுங்கி, வாடை வீசும். அழுகியதை வெட்டி நீக்கிப் புதிய கலவையில் நடலாம். பாதிக்கு மேல் அழுகியிருந்தால், மேலுள்ள நல்ல கொடியிலிருந்து துண்டுகள் எடுத்து மீண்டும் தொடங்குவதே விரைவான வழி. மண் வறண்டு இலை துவண்டால் அது வெறும் தாகம்தான். நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிரும். காலையில் இலை நுனியில் நீர்த்துளி நின்றால் நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை, இரவில் வேர் உறிஞ்சிய மிகை நீரைச் செடி வெளியேற்றுகிறது. மஞ்சள், வெள்ளை வரிகள் உள்ள வகைகளில் புதிய இலைகள் முழுப்பச்சையாக வரத் தொடங்கினால் வெளிச்சம் போதவில்லை. வரியுள்ள கடைசி இலையின் கணுவுக்கு மேல் வெட்டிவிட்டு, தொட்டியைச் சன்னலுக்கு அருகே நகர்த்துங்கள்.

அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். 1989இல் நாசா நடத்திய ஆய்வில் மணி பிளான்ட்டும் இடம்பெற்றது உண்மை, ஆனால் அது காற்றுப்புகாத சிறு பெட்டிகளில் செய்யப்பட்ட சோதனை. சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகள் முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று 2019இல் வெளிவந்த ஒரு மீளாய்வு கணக்கிட்டது. சன்னலைத் திறப்பது எளிது.

குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் உள்ள வீடுகளில்

இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதற்கும் காரணம் இவையே. தவழும் குழந்தையோ பூனையோ நாயோ இலையைக் கடித்தால் வாய் எரிந்து, எச்சில் ஒழுகி, உதடும் நாக்கும் வீங்கக்கூடும். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்து துடைத்துவிட்டு, வீக்கம் கூடினாலோ விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். தொட்டியை எட்டாத உயரத்தில் வைத்து, கொடியைக் கீழே தொங்கவிடாமல் ஏற்றி வளர்ப்பது இந்த வகையிலும் நல்லது.

வெட்டிய கொடிகளை என்ன செய்வது என்பதும் ஒரு வேலைதான். ஒரு கணு மண்ணில் விழுந்தாலே இது முளைத்துவிடும். கண்டியிலுள்ள உடவத்தகெலே காட்டில், எப்போதோ நடப்பட்ட மணி பிளான்ட் பெரும் பரப்பில் தரையையும் மரங்களையும் மூடி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கிக்கொண்டிருக்கிறது; ஹவாயிலும் இதே கதைதான். ஆகவே மிஞ்சிய துண்டுகளை வாய்க்கால், ஏரிக்கரை, காட்டோரம் போன்ற இடங்களில் வீசாமல், கேட்பவர்களுக்குக் கொடுத்தது போக மீதியைக் கணுக்கணுவாக நறுக்கி, மொட்டைமாடி வெயிலில் சருகாகும்வரை காயவைத்த பிறகு உரத்தொட்டியில் போடுங்கள்.